எழுத்துக் கூட்டும் வயது: சிறு வகுப்பு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களும், புதிதாகப் பணிக்கு வந்தவர்களும், சில பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். தமிழ் எழுத்தை மனதில் வைத்துத்தான் பதில்கள். ஆனால் பாதிக்கு மேல் எந்த மொழிக்கும் பொருந்தும்.

எத்தனை வயசுல எழுத்து ஆரம்பிக்கலாம்? மூணு வயசுலயே எழுத வைக்கச் சொல்றாங்க.

மூன்று வயதில் பென்சில் பிடித்து வரிக்குள் எழுத வைக்க வேண்டாம். மணிக்கட்டு எலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாகத்தான் இருக்கும். அவை ஒவ்வொன்றாகக் கெட்டிப்படப் பல ஆண்டுகள் ஆகும். விரல்கள் ஒத்துழைக்காத வயதில் எழுதச் சொன்னால், குழந்தை முழங்கையிலிருந்து பலம் கொடுத்து எழுதும். கை வலிக்கும், எழுத்தே பிடிக்காமல் போகும்.

அந்த வயதுக்கான வேலை வேறு. களிமண் பிசைவது, மணி கோர்ப்பது, பெரிய தாளில் இஷ்டப்படி கிறுக்குவது எல்லாம் கைக்கு. பாட்டும் கதையும் சத்த விளையாட்டும் காதுக்கு. "ம-வில் தொடங்கும் சொல் சொல்லு", "கடல், உடல், இதில் ஒரே மாதிரி கேட்பது எது?" என்று விளையாடிய குழந்தைக்குச் சொல்லைச் சத்தங்களாகப் பிரிக்கலாம் என்பது புரிந்திருக்கும். ஐந்து வயதை ஒட்டி எழுத்தைக் காட்டும்போது அது சட்டென்று போய் ஒட்டிக்கொள்ளும்.

அ, ஆ, இ, ஈ என்றுதானே தொடங்க வேண்டும்? ஏன் ட, ப, ம என்று ஆரம்பிக்கிறார்கள்?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பன்னிரண்டு உயிரெழுத்தும் தெரிந்த குழந்தையால் என்ன சொல் வாசிக்க முடியும்? ஆ, ஈ, அதற்கு மேல் சொல்லும்படி ஒன்றும் இல்லை. உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டும்தான் தனித்து வரும். அடுத்த எழுத்துக்கு உயிர்மெய் தெரிந்தாக வேண்டும். ட, ப, ம மூன்றும், புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசிக்கலாம். அப்புறம் க, த, ர, ல சேர்த்தால் மரம், கடல், பகல், கட்டம், தகரம் என்று பட்டியல் நீளும். முதல் வாரங்களிலேயே "நான் வாசித்தேன்" என்ற நினைப்பு வருகிறதே, அதற்காகவே நான் இந்த முறையின் பக்கம்.

வடிவமும் ஒரு காரணம். ட, ப இரண்டும் நேர்க்கோடுகள். 'அ', 'இ' இரண்டிலும் சுழியும் வளைவும் அதிகம். அதற்காக அகரவரிசையை விட்டுவிட வேண்டாம். பாட்டாகப் பாடட்டும், பின்னால் அகராதி பார்க்க உதவும். வாசிப்புக்கு ஒரு வரிசை, பாட்டுக்கு ஒரு வரிசை, அவ்வளவுதான்.

மொத்தம் 247 எழுத்து இருக்கே, ஒரே வருஷத்துல எப்படி முடிக்கிறது?

முடிக்க வேண்டியதில்லை. கன்னடம் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, நான்காம் வகுப்பு வரைக்கும் எழுத்தறிவு வளர்ந்துகொண்டே போவதைக் காட்டியது. ஆங்கிலம் போல இருபத்தாறு எழுத்து உள்ள மொழியின் கால அளவை உயிர்மெய் எழுத்து உள்ள மொழிகளுக்குப் போட முடியாது. தமிழும் அதே குடும்பத்து எழுத்துமுறைதான்.

அடுத்து, 247 என்பது 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். இவற்றை 247 தனித்தனி படங்களாகக் குழந்தை மனதில் ஏற்ற வேண்டியதில்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு போன்ற குறிகளை அறிந்தால் பெரும்பகுதி வந்துவிடும். 'ங' வரிசையில் 'ங்' மட்டும் போதும். ஔகார வரிசையில் வருகிற சொற்களை விரல்விட்டு எண்ணலாம். ஙௌ, ஞௌ என்று வாய்ப்பாடு எழுத வைக்கும் நேரத்தில் ஒரு கதை வாசிக்கலாம்.

உண்மையாகவே நேரம் கேட்பது உகர, ஊகார வரிசைகள்தான். அங்கே பொதுக்குறி கிடையாது. உகரத்தை மூன்று கூட்டமாகப் பிரித்துத் தாருங்கள். கீழே கோடு இறங்குபவை: சு, பு, யு, வு. கீழே போய் மேலே மடங்குபவை: து, நு, லு, று, ணு, னு, ஞு. உருவமே வளைந்து மாறுபவை: கு, டு, மு, ரு, ழு, ளு. ஒரு கூட்டம் கைக்கு வந்த பிறகு அடுத்தது.

'கொ'வில் கொம்பு முன்னாடி வருது, சத்தம் பின்னாடி வருது. பிள்ளைங்க குழம்புறாங்க.

குழம்புவது நியாயம்தான். இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாக வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் அப்படி வாசிக்காதே என்கிறோம். அதனால் கெ, கே, கை, கொ, கோ வரும் பாடத்தில் மட்டும் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு கட்டத்துக்குள் எழுதுங்கள். கட்டத்துக்குள் இருப்பது முழுவதும் ஒரே சத்தம். விரலை எழுத்தின் அடியில் வைக்காமல் கட்டத்தின் அடியில் வைத்து வாசிக்கட்டும். சில வாரங்களில் கட்டம் இல்லாமலே கண் பழகிவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் கவனியுங்கள். துணைக்காலும் 'ர'வும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. 'கொடி'யைக் 'கெரடி' என்று வாசிக்கும் குழந்தைக்கு அதுதான் சிக்கல். குறில், நெடில் வித்தியாசத்தைப் பொருளோடு சேர்த்துக் காட்டினால் மறக்காது: படம், பாடம், கல், கால், எடு, ஏடு, கொடு, கோடு. "கல்லைக் காட்டு, காலைக் காட்டு" என்று விளையாட வைத்தால் கொம்பும் காலும் ஏன் தேவை என்பது தானாகவே விளங்கும்.

ஒரே 'க'. ஆனால் 'கல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் வேறு வேறு சத்தம். எதைச் சொல்லித்தருவது?

சொல்லின் முதலில் வரும் சத்தத்தைச் சொல்லித்தாருங்கள். வீட்டில் தமிழ் பேசும் குழந்தை, 'த', 'ங்', 'க', 'ம்' என்று கூட்டி முடித்ததும் "ஓ, தங்கம்!" என்று தானே திருத்திக்கொள்ளும். அதன் வாய்க்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும். நாம் விதியை விளக்கப் போனால்தான் குழப்பம்.

ஆசிரியருக்கு விதி தெரிந்திருக்க வேண்டும். க, ச, ட, த, ப ஆகிய வல்லின எழுத்துகள் இரட்டிக்கும்போது அழுத்தமாக ஒலிக்கும் (பக்கம், பத்து). மெல்லினத்தை அடுத்து வந்தால் அதிர்ந்து ஒலிக்கும் (தங்கம், பந்து). இரண்டு உயிர்ச் சத்தங்களுக்கு நடுவே தளர்ந்து ஒலிக்கும் (அகம், அது). தமிழ் வீட்டுமொழியாக இல்லாத குழந்தைக்கு இதைச் சொல்களோடு சேர்த்துக் காட்டத்தான் வேண்டும்.

பாடத்தைக் கடகடன்னு வாசிக்கிறான். அதே சொல்லைக் கரும்பலகையில எழுதினா தெரியல. ஏன் டீச்சர்?

அவன் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறான். வகுப்பே சேர்ந்து உரக்கச் சொல்லும்போது காதால் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. படத்தைப் பார்த்ததும் வாய் ஓடுகிறது. இதை அவன் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல நினைவாற்றல், அவ்வளவுதான். ஆனால் நாம் ஏமாந்துவிடக் கூடாது.

சோதிப்பது எளிது. படத்தை மூடுங்கள். பத்தியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிக் காட்டிக் கேளுங்கள். 'பமட', 'தகல்' என்று பொருளில்லாத சொல் எழுதிக் கேளுங்கள். மனப்பாடத்தால் பொருளில்லாத சொல்லை வாசிக்க முடியாது. எழுத்து தெரிந்தால்தான் முடியும். பாடத்தில் உள்ள சொற்களைத் துண்டுத் தாளில் எழுதி, கலைத்துப் போட்டு, புது வாக்கியம் ஆக்கி வாசிக்கக் கொடுங்கள்.

சேர்ந்து வாசிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கூச்சமுள்ள குழந்தைக்கு அது துணை, வாக்கியத்தின் ஏற்ற இறக்கமும் பழகும். ஆனால் தினமும் நாலைந்து குழந்தைகளையாவது தனியாக, பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். வாரத்துக்குள் வகுப்பு முழுவதையும் ஒரு சுற்று கேட்டுவிடலாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்யலாம் என்றால் இதைச் செய்யுங்கள். மற்ற எல்லாப் பதில்களும் அந்த ஒரு நிமிடத்தில் காதில் விழுவதைப் பொறுத்தவை.

நல்லா எழுத்துக் கூட்டி வாசிக்கிறா. என்ன வாசிச்சேன்னு கேட்டா முழிக்கிறா.

காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் இதற்கு ஓர் எளிய கணக்குச் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும், கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

எனவே எது குறைகிறது என்று முதலில் பாருங்கள். அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். அப்போது சரியாகப் பதில் வந்தால் மொழி இருக்கிறது, வேகம்தான் போதவில்லை. எழுத்துக் கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவாகி, வாக்கியம் முடியும்போது முதல் சொல் மறந்துபோகிறது. அதே பத்தியை இரண்டு மூன்று முறை வாசிக்க வையுங்கள். மூன்றாம் முறை பொருள் பிடிபடும். நீங்கள் வாசித்துக் காட்டியும் புரியவில்லை என்றால், குறைவது சொல்வளமும் கதை கேட்ட பழக்கமும். அதற்கு மருந்து தினமும் வாசித்துக் காட்டுவதுதான். "யார் வந்தார்?" என்பதோடு நிறுத்தாமல் "ஏன் அப்படிச் செய்தாள்?", "இனி என்ன ஆகும்?" என்றும் கேளுங்கள்.

'தண்ணீர்'னு போட்டிருக்கு, அவன் 'தண்ணி'ன்னு வாசிக்கிறான். திருத்தணுமா?

முதலில் மகிழ்ச்சி அடையுங்கள். பொருள் புரியாமல் ஒருவனால் 'தண்ணீர்' என்ற எழுத்தைத் 'தண்ணி' என்று மாற்றிச் சொல்ல முடியாது. "சரிதான், தண்ணி. கடைசியில் ஓர் எழுத்து இருக்கு பார், அதையும் சேர்த்துச் சொல்லு" என்றால் போதும். கண் எழுத்துக்குத் திரும்பும், மனமும் நோகாது.

தமிழ்க் குழந்தை பள்ளிக்கு வந்ததும் எழுத்தோடு சேர்த்து இன்னொரு தமிழையும் கற்கிறது. 'இருக்கு' என்று பேசிக்கொண்டிருந்த வாய்க்கு 'இருக்கிறது' புதுசு. வீட்டுப் பேச்சைத் தப்பு என்று சொல்லவே வேண்டாம். "வீட்டுல இப்படிச் சொல்றோம், புத்தகத்துல இப்படி எழுதுவாங்க" என்று இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். குழந்தை சொந்தமாக எழுதும் முதல் வாக்கியங்கள் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். "அம்மா வந்துச்சு" என்று தைரியமாக எழுதும் குழந்தை 'வந்தார்'க்கு வந்துசேரும். புத்தகத் தமிழைத் தினமும் காதால் கேட்டால் இந்த மாற்றம் எளிது. வாசித்துக் காட்டுவதற்கு இது இன்னொரு காரணம்.

ல, ள, ழ... ர, ற... ந, ன, ண... எனக்கே சந்தேகம் வரும். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தர?

மூன்றையும் ஒரே நாளில் வரிசையாகக் காட்டாதீர்கள். ஒன்று உறுதியான பிறகு, சில வாரம் விட்டு அடுத்தது. 'ல' சொல்லும்போது நுனிநாக்கு மேற்பல்லின் அடியைத் தொடும். 'ள'வுக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு மடியும், ஆனால் தொடாது. குழந்தைகள் உங்கள் வாயைப் பார்க்கட்டும், பிறகு தங்கள் நாக்கைத் தாங்களே உணரட்டும். பல்லி, பள்ளி, மனம், மணம் போன்ற ஜோடிகளை வாக்கியத்தில் வைத்துத் தாருங்கள்.

கையில் வைத்துக்கொள்ளச் சில விதிகள் உண்டு. தமிழ்ச் சொல் ள, ழ, ற, ண, ன ஆகியவற்றில் தொடங்காது. சொல்லின் முதலில் 'ந' தான், 'த'வுக்கு முன்னாலும் 'ந்' தான் (பந்து, வந்தான்). 'ட'வுக்கு முன்னால் 'ண்' (வண்டி), 'ற'வுக்கு முன்னால் 'ன்' (கன்று, நன்றி). 'ழ'வும் 'ர'வும் இரட்டிக்காது. இந்த நாலு விதியே பாதிப் பிழையைத் தடுத்துவிடும். இவற்றைச் சிறு குழந்தைகளிடம் விதியாகச் சொல்ல வேண்டாம். வண்டி, நண்டு, துண்டு என்று ஒரே மாதிரிச் சொற்களைக் கூட்டமாக எழுதிப் போட்டால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். ர, ற இரண்டும் இன்று பெரும்பாலோர் பேச்சில் ஒரே சத்தம்தான். அரை, அறை போன்றவற்றைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டியதுதான்.

தப்பா எழுதின சொல்லைப் பத்து தடவை எழுதச் சொல்றது நல்லதா?

பயன் இல்லை. பத்து முறை எழுதும் குழந்தையைக் கொஞ்சம் கவனித்தால் தெரியும்: முதல் எழுத்தை மேலிருந்து கீழே பத்து வரியிலும் எழுதும், பிறகு இரண்டாம் எழுத்தை. சொல் மனதுக்குள் போவதே இல்லை. எழுதுவது தண்டனை என்பது மட்டும் போய்ச் சேரும். அதற்குப் பதிலாக: சொல்லைப் பார், உரக்கச் சொல், மூடு, எழுது, திறந்து சரிபார். இரண்டு முறை இப்படிச் செய்தால் போதும்.

பிழையைத் திருத்தும் முன் வாசியுங்கள். குழந்தைகளின் எழுத்துப்பிழைக்குள் அவர்கள் சத்தத்தைக் கேட்கும் ஒழுங்கு இருக்கிறது என்று சார்லஸ் ரீட் 1971-லேயே எழுதினார். 'அம்ம' என்று எழுதிய குழந்தைக்கு நெடில் காதில் விழவில்லை, அல்லது துணைக்கால் மறந்துவிட்டது. 'படடம்' என்று எழுதியதற்குப் புள்ளி என்ன செய்கிறது என்று இன்னும் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு பாடம். ஒரு பக்கத்தில் ஏழெட்டுப் பிழை இருந்தால் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை பட்டால் அடுத்த நாள் அந்தக் குழந்தை இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும்.

எழுத்தை இடவலமா மாத்தி எழுதுறான். ஏதாவது பிரச்சினையா?

ஏழு வயது வரை பயப்பட வேண்டாம். ஒரு கோப்பையை வலப்பக்கம் திருப்பினாலும் இடப்பக்கம் திருப்பினாலும் அது கோப்பைதான் என்று மூளை பழகியிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் திசை முக்கியம் என்பதை அது புதிதாகக் கற்க வேண்டும் என்று மூளையியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹான் விளக்குகிறார். ரோமில் 1907-ல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவ வைத்தார். அது இங்கே நன்றாக உதவும். தடவும்போதே சத்தத்தையும் சொல்லட்டும், தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி இருக்கட்டும்.

எட்டு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால், கூடவே சத்தங்களைப் பிரிப்பதிலும் எழுத்துக் கூட்டுவதிலும் பெரிய சிரமம் இருந்தால், முதலில் கண், காது பரிசோதனை. அப்புறம் கற்றல் குறைபாடு அறிந்த நிபுணரிடம் அனுப்புங்கள். டிஸ்லெக்சியாவுக்கும் (வாசிப்பதிலும் எழுத்துக் கூட்டுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) புத்திக்கூர்மைக்கும் சம்பந்தம் இல்லை என்பதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இடது கைக்காரப் பிள்ளையை வலது கைக்கு மாத்தணுமா?

மாற்றவே கூடாது. பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், முழங்கை இடிக்காது. தாள் உடம்பின் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி, மேல்பகுதி வலப்பக்கம் சாய்ந்து இருக்கட்டும். பென்சிலைக் கொஞ்சம் மேலே பிடித்தால் எழுதியது கைக்கு மறையாது.

ஒரே வகுப்புல எழுத்தே தெரியாதவனும் இருக்கான், கதை வாசிக்கிறவளும் இருக்கா. யாருக்குப் பாடம் எடுக்க?

தினமும் ஒரு பகுதி நேரம் மட்டும் நிலை பார்த்துப் பிரியுங்கள்: எழுத்து, சொல், பத்தி, கதை. தனித்தனியாகக் கேட்கச் சொன்ன அந்த ஒரு நிமிடமே யார் எங்கே என்று காட்டிவிடும். எழுத்து நிலையில் இருப்பவர்களுடன் நீங்கள் உட்காருங்கள். கதை நிலையில் இருப்பவர்கள் தாங்களே வாசித்து, எழுதி, படம் வரையலாம். குழுக்களைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றாமல் விட்ட குழு குழந்தையின் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். கதை கேட்பது, பாட்டு, பேச்சு எல்லாம் எல்லோரும் ஒன்றாகவே. எழுத்து தெரியாதவன்தான் சில நேரம் கதையில் மிக நல்ல கேள்வி கேட்பான்.

வீட்டுல வேற மொழி பேசுற குழந்தைக்கு?

எழுத்துக்கு முன் பேச்சு. தெரியாத சொல்லை எழுத்துக் கூட்டினால், 'தங்கம்' பற்றிச் சொன்னேனே, அந்த "ஓ!" வராது. பொருளைக் காட்டி, செய்து காட்டி, பேச வைத்த சொற்களையே முதலில் வாசிக்கக் கொடுங்கள். கதையைத் தன் மொழியில் சொல்ல வந்தால் சொல்லட்டும். பெற்றோரிடம் "வீட்டிலும் தமிழே பேசுங்கள்" என்று சொல்ல வேண்டாம். தாய்மொழியில் நிறையக் கதை கேட்ட குழந்தை அந்தப் புரிதலை இங்கேயும் கொண்டுவரும்.

பழைய புத்தகத்துல 'லை', 'னா' எல்லாம் வேற மாதிரி இருக்கே, பிள்ளைகள் கேட்கிறாங்க.

அச்சில் அப்போது அந்த எழுத்துகளுக்குத் தனி வடிவம் இருந்தது. பெரியார் 1935-லேயே தம் 'குடிஅரசு' இதழில் எளிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு 1978-ல் அவற்றை ஏற்றது. மூன்றாம் வகுப்புக்கு மேல் குழந்தைகளுக்கு இது சுவாரசியமான கதை. அதற்கு முன் வேண்டாம்.

ரெண்டாம் வகுப்பு முடியப் போகுது, இன்னும் எழுத்துக் கூட்ட வரல. ஒரு வருஷம் நிறுத்தி வைக்கலாமா?

அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு வருடம் நடத்தினால் அதே இடத்தில்தான் நிற்பான், கூடவே நண்பர்களையும் இழந்திருப்பான். நிறுத்தி வைப்பதற்கு முன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். சத்தத்தைப் பிரிக்க வருகிறதா? எத்தனை எழுத்து உடனே தெரிகிறது, எத்தனை யோசித்துத் தெரிகிறது? புள்ளி புரிகிறதா? துணைக்கால், கொம்பு புரிகிறதா? உகர வரிசையிலா சிக்கல்? கண், காது சரியா? அடிக்கடி வராமல் போகிறானா?

பெரும்பாலும் ஏதோ ஓரிடத்தில்தான் கயிறு அறுந்திருக்கும். எழுத்துகள் தெரிந்தும் புள்ளி மட்டும் புரியாத குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு வருடம் தேவையில்லை, தினமும் பத்து நிமிடம் தனிக் கவனம் தேவை. கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதி, அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். எந்த எழுத்துகள் தெரியும், எதில் தடுமாறுகிறான், எந்தக் கதை அவனுக்குப் பிடிக்கும், இந்த மூன்றும் அதில் இருக்கட்டும்.